மலைமேல் ஒரு பிளாஸ்மாக் குழாய்: எந்த அலையை முதலில் எழுப்புவது?

கொடைக்கானலில் எங்கள் இயற்பியல் துறையின் பின்னறையில் துருப்பிடிக்காத எஃகு உருளை ஒன்று இருக்கிறது. விட்டம் 20 செ.மீ., நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். சமவெளியில் ஓர் ஆய்வகம் இடம் மாறியபோது எங்களுக்குக் கொடுத்தார்கள். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் ஒரு ரோட்டரி பம்ப், ஒரு டிஃப்யூஷன் பம்ப், அழுத்தத்தைக் காட்டும் பழைய பிரானி கேஜ் ஆகியவற்றோடு வத்தலக்குண்டு மலைப்பாதையில் சரக்கு வண்டியில் ஏறி வந்தது. அதைச் சுற்றிச் செம்புச் சுருள் சுற்றி, உள்ளே ஆர்கானை விட்டுப் பற்றவைத்தால் காந்தப்புலத்தில் கட்டுண்ட பிளாஸ்மா, அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களுமாகப் பிரிந்த வாயு, கிடைக்கும். அதில் முதுகலை மாணவர்கள் எந்த நிலையின்மையை முதலில் ஆராய்வது என்று துறைக்குள் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். சுருளின் அளவு, பவர் சப்ளை, பம்பு என எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்தவை. எங்களைப் போன்ற சிறிய கல்லூரிகள் வேறு மலைகளிலும் இருக்கும். நாங்கள் யோசித்த விதம் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுருக்கமாக ஓர் அடிப்படை. காந்தப்புலத்துக்குள் எலக்ட்ரான் மிகச் சிறிய வட்டத்தில் சுற்றும், அயனி பெரிய வட்டத்தில் சுற்றும். 30 மில்லிடெஸ்லா புலத்தில் எலக்ட்ரானின் வட்ட ஆரம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அதே இடத்தில் குளிர்ந்த ஆர்கான் அயனிக்கு 7 மில்லிமீட்டர். இந்த ஏற்றத்தாழ்வால் இரண்டும் ஒரே விசைக்கு ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பிளாஸ்மாவுக்குள் எங்காவது ஆற்றல் தேங்கியிருந்தால், மிகச் சிறிய ஒரு சலனம் அந்த ஆற்றலை எடுத்துத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். நிலையின்மை என்பது அதுதான். ஆற்றல் தேங்கும் இடங்களில் எங்கள் குழாய்க்கு எட்டக்கூடியவை மூன்று. காந்தப்புலத்தின் நீளவாக்கில் ஓடும் மின்னோட்டம், அடர்த்திச் சரிவு, காந்தப்புலத்துக்குக் குறுக்கே நிற்கும் மின்புலம். எங்கள் முன் இருக்கும் மூன்று வழிகளும் இந்த மூன்றிலிருந்து பிறந்தவை.

முதல் வழி, மின்னோட்டம் எழுப்பும் அயனிச் சுழற்சி அலை. துறையில் எல்லாருக்கும் முதலில் பிடித்தது இதுதான், எனக்கும்தான். பிளாஸ்மாத் தூணின் ஒரு முனையில் சிறிய வட்டத் தகடு ஒன்றை வைத்து, அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுத்து எலக்ட்ரான்களை இழுக்க வேண்டும். அவற்றின் வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும், அயனிகள் சுற்றும் அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே தெளிவான ஒற்றை அலை கிளம்பும். டி'ஏஞ்சலோவும் மோட்லியும் இதை 1962-இல் கியூ எந்திரம் என்னும் அமைதியான பிளாஸ்மாக் கருவியில் பார்த்தார்கள். டிரமண்டும் ரோசன்புளூத்தும் அதே ஆண்டில் கோட்பாட்டைத் தந்தார்கள். இதன் அழகு சரிபார்ப்பில் இருக்கிறது. 0.1 டெஸ்லாவில் பொட்டாசியம் அயனியின் சுழற்சி அதிர்வெண் 39 கிலோஹெர்ட்ஸ். காந்தப்புலத்தை இரட்டித்தால் அதுவும் இரட்டிக்கும். பொட்டாசியத்தை எடுத்துவிட்டு சீசியத்தைப் போட்டால், நிறை கூடிய அதே விகிதத்தில் 11 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கும். வரைபடத் தாளில் நேர்கோடு விழும். மாணவருக்கு இதைவிடத் தெளிவான சான்று தர முடியாது.

ஆனால் கியூ எந்திரம் எங்கள் மலைக்கு ஒத்துவருமா என்று பார்த்தால் மனம் சுருங்குகிறது. அந்தக் கருவியில் டங்ஸ்டன் தகட்டை 2000 கெல்வினுக்கு மேல் சூடாக்கி, அதன்மேல் சீசியம் அல்லது பொட்டாசியம் ஆவியைப் பாய்ச்ச வேண்டும். சீசியத்தின் வெளி எலக்ட்ரானைப் பிரிக்க 3.9 எலக்ட்ரான் வோல்ட் போதும். டங்ஸ்டன் தன் எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் வலு 4.5. ஆகவே சூடான தகட்டைத் தொட்ட அணு எலக்ட்ரானை அங்கேயே விட்டுவிட்டு அயனியாக வெளியேறும். வாயுவுக்குள் மின்சாரம் பாய்ச்சும் மின்பொறி இல்லை, கலக்கம் இல்லை. அதனால்தான் அந்த பிளாஸ்மா அவ்வளவு அமைதி, அந்த அமைதியில்தான் மெல்லிய அலையும் கேட்கும். இதற்கு நாங்கள் கொடுக்க வேண்டிய விலை என்ன? ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் அறைக்குள் வருகிற ஊர் இது. பொட்டாசியம் ஈரத்தைக் கண்டால் பற்றிக்கொள்ளும் உலோகம். அதைக் கையாள உலர்ந்த வாயு நிரப்பிய பெட்டி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். 5 செ.மீ. விட்டமுள்ள தகடு ஒன்றை 2300 கெல்வினில் வைத்திருக்க, கதிர்வீச்சில் போகும் வெப்பத்துக்கே இரண்டு கிலோவாட் அளவில் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தகட்டைச் சூடாக்கும் எலக்ட்ரான் கற்றைக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும். இங்கே காற்றழுத்தம் 780 மில்லிபார் அருகில். கடல்மட்டத்தில் தாங்கும் இடைவெளி இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் தாங்கும். சமவெளிக் கணக்கில் செய்த உயர் அழுத்த இணைப்பு இங்கே பொறி பறக்கவிடும்.

சுருளின் கணக்கு இன்னும் கடினம். எங்கள் உருளைக்கு 25 செ.மீ. உள்விட்டம், ஒரு மீட்டர் நீளம், 3 செ.மீ. தடிப்பில் சுற்றினால் சுமார் 140 கிலோ செம்பு பிடிக்கும். அதில் 30 மில்லிடெஸ்லா எழுப்ப அரைக் கிலோவாட்டுக்குள் போதும். மின்செலவு புலத்தின் வர்க்கத்தில் ஏறும். 0.1 டெஸ்லாவுக்கு 5 கிலோவாட், கியூ எந்திரத்துக்கு வசதியான 0.2 டெஸ்லாவுக்கு 20 கிலோவாட். எங்கள் கட்டடத்தின் இணைப்பு 20 கிலோவாட்டைத் தாங்காது. தாங்கினாலும் அத்தனை வெப்பத்தை நீரோட்டத்தால் அள்ளி வெளியேற்ற வேண்டும். மலைத் தண்ணீர் குளிர்ச்சியானது என்பது ஒன்றே ஆறுதல். இந்த வழியை மனமில்லாமல் ஒதுக்கினோம்.

இரண்டாவது வழி டிரிஃப்ட் அலை, அதாவது நகர்வு அலை. அடர்த்தி நடுவில் கூடி ஓரத்தில் குறையும் எந்த பிளாஸ்மாத் தூணிலும் இது எழக்கூடும். தூணில் ஓரிடம் சற்று அடர்த்தியானால், எலக்ட்ரான்கள் காந்தக் கோட்டின் நீளத்தில் ஓடிப் பரவும், அந்த இடம் நேர் மின்னழுத்தம் பெறும். அந்த மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து பக்கத்திலுள்ள பிளாஸ்மாவை உள்ளும் புறமும் தள்ளும், மேடு தூணைச் சுற்றி நகரும். எலக்ட்ரான்கள் தடையின்றி ஓடினால் அலை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். மோதல்களால் அவை சற்றுத் தாமதித்தால் மின்னழுத்தம் அடர்த்திக்குப் பின்தங்கும், அந்தச் சிறு பிந்தலே அலையை வளர்த்துவிடும். 1968-இல் ஹெண்டல், சூ, போலிட்சர் மூவரும் இதை அடையாளம் கண்டு, எப்போது அடங்கும், எவ்வளவு பிளாஸ்மாவைக் கசியவிடும் என்று அளந்து காட்டினார்கள்.

இதன் முக்கியத்துவம் எங்கள் அறையோடு முடிவதில்லை. அணுக்கரு இணைவுக்கான வளைய வடிவக் கருவியான டோக்கமாக்கில் அடைத்து வைத்த வெப்பம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓரத்துக்குக் கசிவதற்கு இந்தக் குடும்பத்து அலைகளே பெரும் காரணம். காந்திநகரில் உள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையத்தில் 1989 முதல் இயங்கிய ஆதித்யா டோக்கமாக்கிலும் ஓரத்துக் கொந்தளிப்பு ஒரு தொடர் ஆய்வு. அங்கேயே உள்ள பெரிய நேர்க்குழாய் கருவியில் எலக்ட்ரான் வெப்பநிலைச் சரிவால் எழும் கொந்தளிப்பை ஆராய்ந்திருக்கிறார்கள். எங்கள் மாணவி ஒருத்தி இங்கே டிரிஃப்ட் அலையைத் தொட்டுப் பழகினால், அங்கே ஆய்வுக்குப் போகும்போது மொழி தெரிந்தவளாகப் போவாள். இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

செலவும் கைக்குள் வரும். நடுவில் டங்ஸ்டன் இழை, ஆர்கான், 60 முதல் 80 வோல்ட் மின்பொறி, 0.1 டெஸ்லா. எலக்ட்ரான் வெப்பநிலை 2 எலக்ட்ரான் வோல்ட், அடர்த்தி 2 செ.மீ.யில் சரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அலை நகரும் வேகம் வினாடிக்கு ஒரு கிலோமீட்டர், 2 செ.மீ. ஆரத்தில் சுற்றினால் அதிர்வெண் சுமார் 8 கிலோஹெர்ட்ஸ். பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் சிறு உலோக முனையான லாங்மியூர் புரோபின் சமிக்ஞையை ஒலிபெருக்கியில் கொடுத்தால் காதாலேயே கேட்கலாம்.

இங்கே என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் முடிவு அதிலிருந்துதான் வந்தது. ஆய்வு மாணவியாக இருந்தபோது இதே மாதிரிக் குழாயில் இதே 8 கிலோஹெர்ட்ஸ் அலையைக் கண்டேன். அதிர்வெண் சூத்திரத்தோடு பொருந்தியது. அலை எலக்ட்ரான் நகர்வுத் திசையில் சுற்றியது, அதுவும் பொருந்தியது. வீச்சு அதிகமாக இருந்த இடமும் அடர்த்திச் சரிவு அதிகமான இடம்தான். ஆறு மாத உழைப்பை டிரிஃப்ட் அலை என்ற தலைப்பில் எழுதினேன். சமர்ப்பிக்கும் முன் மூத்த ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நடுவுக்கும் ஓரத்துக்கும் மின்னழுத்தம் எவ்வளவு வித்தியாசம்மா?" நான் அளந்திருக்கவில்லை. பிளாஸ்மாவின் மின்னழுத்தத்தைக் காட்டும், எலக்ட்ரான் உமிழும் புரோப் ஒன்றைச் செய்து அளந்தேன். நடுவில் இருந்த சூடான இழை எலக்ட்ரான்களைக் கொட்டியதால் அங்கே மின்னழுத்தம் இறங்கியிருந்தது. 4 செ.மீ.யில் 4 வோல்ட். மீட்டருக்கு 100 வோல்ட் மின்புலத்தில், 0.1 டெஸ்லாவில், பிளாஸ்மா தானாகவே வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். அதே திசையில். 2 செ.மீ. ஆரத்தில் அதுவும் 8 கிலோஹெர்ட்ஸ்!

அதாவது டிரிஃப்ட் அலை இல்லாமலே, சுற்றும் பிளாஸ்மாவில் ஒரு கட்டி இருந்தாலும் என் புரோப் அதே சமிக்ஞையைத்தான் தந்திருக்கும். இரண்டும் கலந்திருந்தால் அதிர்வெண் கூடியிருக்க வேண்டும், ஆனால் வெப்பநிலையிலும் சரிவிலும் என் பிழை முப்பது விழுக்காட்டுக்குக் குறையாது. அந்தப் பிழைக்குள் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். நீளவாக்கில் இன்னொரு புரோப் வைத்து, தூணின் இரு இடங்களில் அலையின் கட்ட வேறுபாட்டைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். டிரிஃப்ட் அலைக்கு நீளவாக்கிலும் அலைநீளம் உண்டு, வெறும் சுழற்சிக்கு இல்லை. என் குழாயில் அதற்கு வாசல் இல்லை. டிரிஃப்ட் என்ற சொல்லை அடித்துவிட்டு தாழ் அதிர்வெண் அலை என்று திருத்திச் சமர்ப்பித்தேன்.

அன்றிலிருந்து ஒரு அலையைக் கண்டேன் என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, அதை எப்படி நிறுத்தினீர்கள் என்பதுதான். பிளாஸ்மாவில் அலை தானாக எழும். எழுந்ததைப் பார்த்து அதற்குப் பெயர் வைப்பது எளிது. எந்தக் காரணத்தால் எழுந்ததாகச் சொல்கிறோமோ அந்தக் காரணத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து, அலை மறைகிறதா என்று பார்த்தால்தான் பெயர் நிலைக்கும். டிரிஃப்ட் அலையில் அடர்த்திச் சரிவை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. காந்தப்புலத்தைக் குறைத்தால் அயனிகளின் பிசுக்குமை அலையை அடக்கும், உண்மை. ஹெண்டல் குழுவினர் அப்படித்தான் ஒவ்வொரு வடிவமாக எழுவதையும் அடங்குவதையும் காட்டினார்கள். ஆனால் புலத்தைக் குறைக்கும்போது அடர்த்தி, வெப்பநிலை, சரிவு எல்லாம் கூடவே மாறும். அமைதியான கியூ எந்திரத்தில் அவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. இழையால் மூட்டும் மின்பொறியில் இரண்டு பருவத்துக்குள் ஒரு மாணவர் அதைப் பிரித்தெடுப்பது கடினம்.

மூன்றாவது வழி, குறுக்கு மின்புலம் எழுப்பும் நிலையின்மை. சைமன், ஹோ இருவரும் 1963-இல் தனித்தனியே எழுதியதால் சைமன்–ஹோ என்றே அழைக்கிறார்கள். முழுதும் அயனியாகாத, நடுநிலை வாயு நிறைந்த பிளாஸ்மாவில் வரும். அடர்த்தி நடுவில் அதிகம், மின்புலமும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. எலக்ட்ரான்கள் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் குறுக்கே வேகமாகச் சுற்றும். பெரிய வட்டத்தில் சுற்றி, நடுநிலை அணுக்களோடு மோதிக்கொள்ளும் அயனிகள் பின்தங்கும். அடர்த்தி கூடிய ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் முன்னே போய்விடுவதால் மேட்டின் முன்பக்கம் எதிர் மின்னூட்டம், பின்பக்கம் நேர் மின்னூட்டம். மேட்டுக்குள் புதிதாக ஒரு சிறு மின்புலம் பிறக்கும். அது காந்தப்புலத்தோடு சேர்ந்து அந்த மேட்டை வெளிப்பக்கம், அடர்த்தி குறைந்த இடத்துக்குத் தள்ளும். சுற்றுப்புறத்தைவிட மேடு இன்னும் உயர்ந்து நிற்கும். அலை வளரும்.

இப்போது மின்புலத்தைத் திருப்பிவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி. எலக்ட்ரான்கள் எதிர்த் திசையில் சுற்றும், மேட்டுக்குள் பிறக்கும் சிறு புலமும் திரும்பும், மேடு உள்பக்கம், அடர்த்தி அதிகமான இடத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே கரைந்துபோகும். அலை அடங்கும். ஒரு சுவிட்சில். இன்னொரு சோதனையும் உண்டு. மின்புலத்தை அப்படியே விட்டுக் காந்தப்புலத்தை மட்டும் திருப்பினால் அலை சுற்றும் திசை மாறும், ஆனால் அலை அடங்காது. ஏனெனில் அது வளர்வதற்கு வேண்டியது மின்புலமும் அடர்த்திச் சரிவும் ஒரே பக்கம் நோக்குவதுதான். இரண்டு சுவிட்ச், நான்கு நிலை. இரண்டில் அலை இருக்க வேண்டும், இரண்டில் இருக்கக் கூடாது. இருக்கும் இரண்டிலும் திசை எதிரெதிராக இருக்க வேண்டும். மாணவர் கையால் செய்து, ஒரே நாளில், ஒரே பிளாஸ்மாவில் முடிக்கக்கூடிய சோதனை.

எங்களை இந்தப் பக்கம் சாய்த்த இன்னொரு காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு பழனி மலைக்குத் தெற்கே, அருகிலேயே செல்கிறது. அதையொட்டி, தரையிலிருந்து 105 கி.மீ. அளவு உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டத் தாரை ஓடுகிறது. அங்கே மின்புலம் மேல்நோக்கி, அந்த அடுக்கின் அடிப்பகுதியில் அடர்த்தியும் மேல்நோக்கிக் கூடுகிறது. இரண்டும் ஒரே பக்கம். சைமன்–ஹோவின் அதே நிபந்தனை. அதனால் அங்கே அடர்த்தி ஒழுங்கற்றுப் போய், கீழிருந்து அனுப்பும் வானொலி அலையைச் சிதறடிக்கிறது. எங்கள் ஊர் சூரிய ஆய்வகம், 1899-இல் தொடங்கியது, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்த இடம் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே காந்தமானியும் அயனிமண்டலத்தைத் துழாவும் கருவியும் இருந்ததை மாணவர்கள் பலர் அறியமாட்டார்கள். சில நாட்களில் நண்பகலுக்குப் பின் அந்த மின்னோட்டத் தாரை திடீரென்று திசை மாறும். மின்புலம் கீழ்நோக்கித் திரும்பியதும், நடுக்கோட்டுக்கே உரிய அந்தச் சிதறல் அடுக்கு பதிவிலிருந்து மறைந்துவிடும். இந்திய நடுக்கோட்டு நிலையங்களின் பதிவுகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். எங்கள் சுவிட்சை வானம் தானே போட்டுக் காட்டுகிறது. 1970-களில் அகமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்த நடுக்கோட்டு நிலையின்மைகளை ஆய்வகக் குழாயில் எழுப்பிப் பார்த்தார்கள். பிற்பாடு காந்திநகர் நிலையமாக வளர்ந்தது அங்கே இருந்த பிளாஸ்மா திட்டம்தான்.

அதே தாரையில் இன்னொரு நிலையின்மையும் உண்டு. எலக்ட்ரான் வேகம் அங்குள்ள ஒலி வேகத்தை, வினாடிக்கு 360 மீட்டர் அளவை, மிஞ்சினால் எழுவது. 1963-இல் ஃபார்லியும் புனேமனும் விளக்கியது. அதைச் சுவிட்சால் அணைக்க முடியாது, வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். எங்கள் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை.

மூன்றாவது வழிக்கு எதிராகச் சொல்ல வேண்டியவையும் உண்டு, துறையில் இளைய ஆசிரியர் ஒருவர் அவற்றை விடாமல் சொன்னார், சரியாகவே சொன்னார். இந்த அலை ஒற்றை அதிர்வெண்ணில் அடக்கமாக நிற்காது. கொஞ்சம் மின்புலம் கூடியதும் கொந்தளிப்பாகிவிடும். மின்புலம் ஓரிடத்தில் அதிகம் இன்னோரிடத்தில் குறைவு என்றால் பிளாஸ்மா அடுக்குகள் ஒன்றையொன்று உரசி கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் அலை எழும். சுழற்சியின் மையவிலக்கு விசை எந்தத் திசையில் சுற்றினாலும் வெளியே தள்ளும். எல்லாவற்றையும்விட முக்கியமான ஆட்சேபம், பிளாஸ்மாவை உண்டாக்குவதே அந்த மின்புலம்தான் என்றால் அதைத் திருப்பும்போது பிளாஸ்மாவே மாறிவிடும் என்பது. பென்னிங் மின்பொறி அப்படிப்பட்டது. அங்கே மின்புலத்தைத் திருப்பினால் அடர்த்திச் சரிவும் வேறாகிவிடும். நான் சொல்லும் சோதனை அங்கே செல்லாது.

இந்தக் கடைசி ஆட்சேபம் எங்கள் வடிவமைப்பையே மாற்றியது. பிளாஸ்மாவை ஒரு முனையில் இழையால் உண்டாக்குவோம். மறுமுனையில் ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு செப்பு வளையங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி இணைப்பு. காந்தக் கோட்டின் நீளத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் என்பதால், வளையங்களுக்குக் கொடுக்கும் அழுத்தம் தூணின் உள்ளே ஆரவாக்கில் மின்புலமாக விழும். அடர்த்தியைத் தீர்மானிப்பது இழை, மின்புலத்தைத் தீர்மானிப்பது வளையம். இரண்டும் தனித்தனிக் கையில். வளையத்துக்கு முன்னே பிளாஸ்மா தானே அமைத்துக்கொள்ளும் மெல்லிய மின்னூட்ட அடுக்கு, உறை என்பது, கொஞ்சம் மின்னழுத்தத்தை விழுங்கிவிடும். ஆகவே வளையத்தில் கொடுத்த எண்ணை நம்பாமல், உள்ளே உமிழும் புரோபால் அளந்த எண்ணையே எழுத வேண்டும். அந்தப் பாடத்தை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன். வளையங்களுக்கு ஐம்பது வோல்ட்டுக்கு மேல் தேவைப்படாது, மெல்லிய மலைக்காற்றில் பொறி பறக்கும் கவலையும் இல்லை.

இந்த வழி எங்கள் வசதிக்கும் பொருந்துகிறது. 30 மில்லிடெஸ்லா போதும், அரைக் கிலோவாட். ஆர்கான் அழுத்தம் ஒரு மில்லிபாரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில், சிலபோது அதைவிடக் கூட. நடுநிலை வாயு இங்கே தொந்தரவு செய்யும் விருந்தாளி இல்லை, கூட்டாளி. மிகத் தூய வெற்றிடம் வேண்டியதில்லை என்பதால் மதுரையிலிருந்து திரவ நைட்ரஜன் வரவழைத்து, பாதி வழியிலேயே ஆவியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஆர்கான் சிலிண்டர் மட்டும் மேலே ஏறினால் போதும்.

ஈரம் மட்டும் எந்த வழியிலும் விடாது. மழைக்காலத்தில் உருளையைத் திறந்து மூடினால் சுவரெல்லாம் நீர்மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்ளும். சூடான டங்ஸ்டன் இழையை நீராவி மெல்லத் தின்னும். ஆக்சைடாக்கி ஆவியாக்கிச் சுவரில் படியவைத்து, அங்கே விடுபடும் ஹைட்ரஜன் அந்த ஆக்சைடைக் குறைத்து மீண்டும் நீராக்கித் திருப்பி அனுப்பும். ஒரே நீர் பலமுறை வேலை செய்யும். உருளையின் வெளிச்சுவரைச் சுற்றிச் சூட்டுப்பட்டை கட்டி, ஒவ்வொரு முறையும் இரவு முழுக்கச் சூடாக்கித்தான் தொடங்க வேண்டும். ரோட்டரி பம்பில் காற்றுக்கலப்பு வால்வைத் திறந்துவிட்டு ஓட்டாவிட்டால் எண்ணெய் பால்போல் வெளுத்துவிடும். மார்கழிக் காலையில் அந்த எண்ணெய் கெட்டியாகி மோட்டார் திணறும், எங்கள் ஆய்வக அண்ணன் பம்புக்கருகே விளக்கு ஒன்றைப் போட்டு முந்தைய இரவே சூடாக்கி வைப்பார். மின்சாரம் போனால் டிஃப்யூஷன் பம்பின் சூடான எண்ணெய் ஆவி உருளைக்குள் ஏறிவிடும். தானாக மூடும் வால்வு ஒன்றை மறக்காமல் வாங்க வேண்டும். பழைய பிரானி கேஜ் ஆர்கானுக்கு உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், காட்டியதைச் சுமார் 1.7-ஆல் பெருக்க வேண்டும். இதை அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டோம்.

கருவியே வேண்டாம், கணினியில் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு. டிரிஃப்ட் அலைக் கொந்தளிப்புக்கு ஹசெகாவா–வகாதானி சமன்பாடுகள் 1983-லிருந்து இருக்கின்றன, ஒரு நல்ல மடிக்கணினி போதும். அதைச் செய்யத்தான் போகிறோம், ஆனால் குழாயின் இடத்தில் வைக்க மாட்டோம். கணினியில் மின்னழுத்தத்தை அளக்க மறக்க முடியாது. என் ஆறு மாதம் போனதே அந்த மறதியால்தான், மாணவர்கள் அதை இங்கே கையால் பழக வேண்டும்.

ஆகவே முடிவு இப்படி. முதல் அலை சைமன்–ஹோ. ஆனால் சுருளை அதற்கு வேண்டிய சிறிய அளவில் சுற்றவில்லை. 140 கிலோ செம்பில், நீர்க்குழாயோடு, 0.1 டெஸ்லா வரை போகும்படி சுற்றுகிறோம். உருளையின் நீளத்தில் மூன்று இடங்களில் புரோபுக்கு வாசல் வெட்டச் சொல்லியிருக்கிறோம். இரண்டு ஆண்டு கழித்து டிரிஃப்ட் அலைக்குப் போகும் மாணவருக்கு, எனக்கு இல்லாமல் போன அந்த இரண்டாவது புரோபும், மின்புலத்தைச் சுழியமாக்கி வைக்கும் வளையங்களும் தயாராக இருக்கும். சுழற்சியை நிறுத்திவிட்டு மிச்சம் என்ன கேட்கிறது என்று அவர் பார்க்கலாம். ஹால் உந்திகளில் சுற்றும் கதிர்க்கால் வடிவ அலையும் சைமன்–ஹோ குடும்பத்தோடு தொடர்புடையதுதான், விண்கல உந்தியில் ஆர்வமுள்ள மாணவருக்கு அந்தப் பக்கமும் கதவு திறந்திருக்கிறது.

வளையங்களைத் திண்டுக்கல்லில் கடைசலுக்குக் கொடுத்திருக்கிறோம். சுருளின் இரு முனைகளையும் வெளியே கொண்டுவந்து, மின்னோட்டத்தைத் திருப்பும் சுவிட்சை முகப்புப் பலகையிலேயே பொருத்தச் சொல்லிவிட்டேன், வளையங்களின் சுவிட்சுக்குப் பக்கத்தில். வாடைமழை ஓய்ந்து, தை மாதத்தில் வானம் வெளுத்த பிறகு உருளையை மூடுவோம்.